பற்பசையின் பளபளப்பு இரண்டு மாதம்

கேள்வி: என் காருக்கு ஒன்பது வயது. ஹெட்லைட் மூடிகள் மஞ்சள் பூத்து மங்கிவிட்டன. பற்பசை போட்டுத் தேய்த்தேன். அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. இரண்டே மாதத்தில் முன்னைவிட மோசம். அதிக வாட் பல்ப் போட்டால் சரியாகுமா?

பதில்: பல்பைத் தொடாதீர்கள். கோளாறு மூடியில். மங்கிய மூடி வெளிச்சத்தைச் சிதறடிக்கும். எவ்வளவு கூட்டினாலும் எதிரே வருபவரின் கண்தான் கூசும். கூடுதல் சூட்டில் விளக்கின் உள்பக்கமும் பாழாகும்.

அந்த மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக்கதிர் அதற்கு ஆகாது என்பதால், தொழிற்சாலையிலேயே மேலே ஒரு மெல்லிய காப்புப் பூச்சு கொடுத்துவிடுகிறார்கள். வருடக்கணக்கில் வெயிலில் நின்று அந்தப் பூச்சு பொரிந்து உரிந்து, அடியிலுள்ள பிளாஸ்டிக்கும் நிறம் மாறுவதைத்தான் நாம் மஞ்சள் என்கிறோம். பற்பசையும் ஒரு மெல்லிய தேய்ப்பான்தான். மிச்சமிருந்த பூச்சையும் கொஞ்சம் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கை வெறும் மேனியாக வெயிலில் நிறுத்தியிருக்கிறீர்கள். நானும் முதல் காரில் இதே தப்பைச் செய்தவன்தான். பற்பசைகூட இல்லை, முறையாக வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்த்துவிட்டு, மேல்பூச்சு எதற்கு என்று அலட்சியமாக விட்டேன். அடுத்த கோடைக்குள் பழைய கதை.

முதலில் மூடியின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை தெளிந்து, காய்ந்ததும் மங்கினால் பழுது வெளிப்பக்கம்தான், தேய்த்தால் போகும். பிளாஸ்டிக்கின் ஆழத்தில் நூல் நூலாக விரிசல் தெரிந்தால் தேய்ப்பது வீண்.

சுற்றியுள்ள பெயின்ட்டில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். மஞ்சள் தடிப்பாக இருந்தால் 800 எண் வாட்டர் பேப்பர், இல்லையென்றால் 1000-லிருந்தே தொடங்கலாம். எண் கூடக்கூடத் தாள் நைசாகும். தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வடிவது மஞ்சள் கலந்த பால் போல இருக்கும். அது வெள்ளையாக மாறும்வரை நிறுத்தாதீர்கள். பழைய பூச்சு ஓரத்தில் திட்டாக நின்றுவிட்டால் கடைசிவரை காட்டிக்கொடுக்கும். இந்தக் கட்டத்தில் மூடி சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து, இருந்ததையும் கெடுத்துவிட்டோமோ என்று வயிற்றைக் கலக்கும். பயப்படாதீர்கள். 1000-த்தைக் கிடைமட்டமாகத் தேய்த்தால் 2000-த்தை மேலும் கீழுமாகத் தேயுங்கள். முந்தைய கீறல் மறைந்ததா என்று கண்ணுக்கே தெரியும்.

பிறகு மேல்பூச்சு. புற ஊதாக்கதிரைத் தாங்கும் கிளியர் கோட்டை (நிறமற்ற தெளிந்த பூச்சு) ஸ்பிரே செய்வதானால் கண்ணாடிபோலப் பாலிஷ் போடாதீர்கள். பூச்சு பிடித்துக்கொள்ள லேசான சொரசொரப்பு வேண்டும். துணியால் தடவும் வகை என்றால் 3000-மும் பாலிஷும் முடித்துவிட்டுத் தடவலாம். டப்பாவில் எழுதியிருப்பதே இறுதித் தீர்ப்பு. எதுவானாலும் முதலில் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். கைரேகை பட்ட இடத்தில் பூச்சு நிற்காது. வெறும் மெழுகு சில வாரங்களுக்கு மேல் தாங்காது.

கொசுவிரட்டி மருந்து தெளித்தால் பளபளக்கும் என்றும் ஒரு யோசனை உலவுகிறது. மேல்தோலை இளக்கிக் காட்டும் மாயம் அது. வேண்டாம்.

கேள்வி: மூடியின் உள்ளே ஆவி படிகிறது. கழற்ற வேண்டுமா?

பதில்: விளக்கைப் போட்டுச் சற்று நேரத்தில் மறைந்தால் விட்டுவிடுங்கள், காற்றுப் போக்குக்கென்று விளக்கிலேயே சிறு வழி உண்டு. அடியில் தண்ணீர் தேங்கினால் சீல் விட்டுப்போயிருக்கிறது.

கேள்வி: பின்விளக்குகள் மட்டும் ஏன் மஞ்சளாவதில்லை?

பதில்: அவை பெரும்பாலும் அக்ரிலிக். வெயிலைத் தாங்கும், அடியைத் தாங்காது. முன்னால் கல் தெறிக்கும் என்பதால் அங்கே பாலிகார்பனேட்.