மனிதக் கையும் டிரம் மெஷினும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபியர் ஃபேக்டரி குழுவின் 'டிமேனுஃபேக்சர்' தொகுப்பைப் புகழ்ந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். பதினைந்து ஆண்டுகளாக மெட்டல் என்னும் கனத்த ராக் இசையைக் கேட்கிறேன். கிதார், பேஸ், டிரம்ஸ், குரல் ஆகிய நான்கும் போதும் என்பது என் எண்ணம். மின்னணுவால் ஒலி உண்டாக்கும் சிந்தசைசரும் கணினித் தாளமும் உள்ளே வந்தால் மனிதக் கை விலகிவிடுகிறது. அதைக் கலப்படம் என்றே சொல்வேன். நண்பரிடம் இதைச் சொன்னால், "அது உன் ரசனை" என்று பேச்சை முடித்துவிடுகிறார். ரசனை என்று சொல்லிவிட்டால் மேலே பேச ஒன்றுமில்லையா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் நண்பர் போட்டது மரியாதையான வாய்ப்பூட்டு. பாகற்காய் பிடிக்காது என்பவரோடு வாதிட முடியாது. பாகற்காய் உடம்புக்கு ஆகாது என்பவரோடு வாதிடலாம். நீங்கள் பிடிக்கவில்லை என்பதோடு நிற்காமல் காரணமும் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே அந்தக் காரணத்தைப் பார்ப்போம்.

மனிதக் கை என்கிறீர்கள். மெட்டல் பிறந்த இடத்தில் இருந்த கை எப்படிப்பட்டது? பர்மிங்காமில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த டோனி அயோமி, பிளாக் சாபத் குழுவின் கிதார் கலைஞர், பதினேழு வயதில் இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கக்காரரான அவருக்குக் கம்பியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டு, மெல்லிய கம்பிகளைப் பூட்டி, பிறகு சுருதியையும் தாழ்த்தினார்; பிளாக் சாபத்தின் 1971ஆம் ஆண்டுத் தொகுப்பில் பல பாடல்கள் மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியிருப்பதைக் கேட்கலாம். அந்தக் கனத்த ஒலியின் மறுபாதி மின்சாரத்தில் இருக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபையர் தாங்கும் அளவைத் தாண்டி ஒலியைச் செலுத்தும்போது அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, கம்பி எழுப்பாத மேல்சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. டிஸ்டார்ஷன் என்று நாம் கொண்டாடுவது இதைத்தான். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு அதே ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் வரியை, வாசித்துப் பாருங்கள், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. எனவே கலப்படம் என்ற சொல் பொருந்தவில்லை. கலக்காத பால் எந்தக் காலத்திலும் அங்கே இருக்கவில்லை.

அதே பர்மிங்காமிலிருந்து வந்த காட்ஃபிளெஷ் குழு 1989இல் 'ஸ்ட்ரீட்கிளீனர்' தொகுப்பை டிரம்ஸ் கலைஞர் இல்லாமல், தாளத்தைத் தானே அடிக்கும் மின்னணுக் கருவியான டிரம் மெஷினை வைத்து அமைத்தது. டிரம்ஸ் வாசிக்கும் மனிதர் பாடகரின் மூச்சுக்கு ஏற்பச் சற்றே இழுப்பார், சற்றே முந்துவார். அது நமக்குத் தெரியாமலே நம்மைத் தாங்கும். அந்தத் தாங்கல் இத்தொகுப்பில் அறவே இல்லை. பாடகர் ஜஸ்டின் பிராட்ரிக் எவ்வளவு கதறினாலும் தாளம் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் புறக்கணிப்புதான் பாடலின் பொருளே என்பேன். மெஷினை எடுத்துவிட்டு ஒரு நல்ல கலைஞரை உட்காரவைத்தால் பாடல் ஆறுதலாகிவிடும், அதாவது கெட்டுவிடும்.

நீங்கள் குறிப்பிட்ட 'டிமேனுஃபேக்சர்' (1995) தொகுப்பில் டிரம்ஸ் வாசித்தவர் ரேமண்ட் ஹெரேரா என்ற மனிதரே. அவர் காலால் அடிக்கும் டிரம்மும் டினோ கஸாரஸின் கிதாரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் பூட்டிக்கொள்வதால் இயந்திரம் என்று தோன்றுகிறது. ரீஸ் ஃபல்பரின் சிந்தசைசர் அதைச் சூழ்ந்து நிற்கிறது. இயந்திரத்துக்கும் மனிதனுக்குமான சண்டையைப் பாடும் தொகுப்புக்கு வேறெப்படி ஒலி அமைப்பது? மாறாக, மெஷுகா குழுவின் 2005ஆம் ஆண்டுத் தொகுப்பான 'கேட்ச் தர்ட்டித்ரீ'யில் டிரம்ஸ் கணினியில் கோக்கப்பட்டது. ஆனால் கோக்கப்பட்ட அடிகள் அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் தோமஸ் ஹாகே முன்பே அடித்துப் பதிவு செய்தவை. இங்கே கை விலகியதா, விலகவில்லையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் காது முற்றிலும் பொய் சொல்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 1986இல் 'டர்போ' தொகுப்பில் கிதார் சிந்தசைசரைக் கொண்டுவந்தபோது, எனக்கு அது பழைய கதவுக்கு அடித்த பளபளப்பான வார்னிஷாகவே கேட்டது, இன்றும் அப்படித்தான் கேட்கிறது. சுரண்டி எடுத்தாலும் கதவு அப்படியே இருக்கும். எடுத்துவிட்டால் பாடல் நிற்குமா, சரியுமா என்பதுதான் நான் வைத்துக்கொண்டிருக்கும் ஒரே உரைகல். ஆனால் பதினாறு வயதில் 'டர்போ' கேட்டு வளர்ந்த ஒருவர் அந்த வார்னிஷ் மணம்தான் தனக்கு வேண்டும் என்றால், என்னிடம் பதில் இல்லை. உங்கள் நண்பரின் வாக்கியம் அந்த இடத்துக்கு உரியது. அவர் அதை முதல் வரியிலேயே செலவழித்துவிட்டார்.

ஃபியர் ஃபேக்டரி அதே பாடல்களை 1997இல் மின்னணு நடன இசையாக மறுகலவை செய்து 'ரீமேனுஃபேக்சர்' என்று வெளியிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவதில் மோதுவதற்கு மனிதனே மிச்சமில்லை என்று நீங்கள் எழுதினால், நான் மறுக்கமாட்டேன்.