உயிர்த்த ஞாயிறு முடிந்த பிறகு அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தை எப்படி வாழ்வது?

தவக்காலம் முழுக்க ஒழுங்காக இருந்தேன், உயிர்த்த ஞாயிறு முடிந்து ஒரு கிழமைக்குள் பழையபடி ஆகிவிட்டேன், வேலைக்குப் போவதால் தினமும் பூசை காணவும் முடியாது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், ஒரு கிழமை தாக்குப்பிடித்ததே பெரிய விசயம். உயிர்த்த அன்று மாலையே ஆண்டவரைக் கண்ணால் கண்ட சீடர்கள், எட்டு நாள் கழித்தும் கதவைப் பூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். யோவான் 20ஐ எடுத்துப் பாருங்கள்.

தவக்காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, சாராயம் இல்லை, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை. உயிர்த்த ஞாயிறோடு தொடங்கும் பாஸ்கா காலம் அதைவிட நீளம், பெந்தகோஸ்து வரை 50 நாள். ஆனால் அந்த 50 நாளும் என்ன செய்வது என்று கேட்டால் முழிப்போம். பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரித்தான். எங்கள் பக்கத்தில் சிலர் 40 நாள் குடிக்காததையும் சேர்த்து உயிர்த்த ஞாயிறு மத்தியானமே குடித்துத் தீர்த்துவிடுவார்கள்!

யோவான் 21ஐ யாழ்ப்பாணத்துப் பாசையூர், குருநகர்க் கடற்கரைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. பேதுரு திரும்பவும் தொழிலுக்குப் போகிறார். இரவு முழுக்க வலை வெறுமை. விடியற்காலையில் ஆண்டவர் கரையில் நிற்கிறார். ஏன் பழைய தொழிலுக்குப் போனாய் என்று ஒரு சொல் கேட்கவில்லை. கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, அப்பமும் வைத்து, வந்து சாப்பிடுங்கள் என்கிறார். அவர்கள் பிடித்த மீனிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார். ஆண்டவரைத் தெரியாது என்று பேதுரு முன்பு மறுதலித்ததும் ஒரு கரி நெருப்புப் பக்கத்தில்தான். மறுதலித்தவனைக் கூப்பிட்டு முதலில் வயிற்றை நிரப்பிவிட்டு, பிறகுதான் ‘என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்று தரம் கேட்கிறார்.

ஆகவே தவக்காலத்தில் எதை விட்டீர்களோ, அதையே இந்த 50 நாளில் யாருக்காவது கொடுங்கள். மச்சம் விட்டவர் மச்சம் சமைத்துக் கொடுக்கலாம். சாராயக் காசை மிச்சம் பிடித்தவர் அதில் ஒரு பிள்ளைக்கு ரியூசன் காசு கட்டலாம்.

எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டார். ஒரே பங்கு, ஒரே பூசை, ஆனால் ஒரு வேலிக் கதியாலைத் தள்ளி நட்ட பிரச்சினையில் பல வருசம் கதை பேச்சில்லை. பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் அந்த வீட்டு அன்ரி பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடுவார். ஒருமுறை உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை இந்த வீட்டு அம்மா கூழ் காய்ச்சினார். நண்டு, இறால், பயித்தங்காய், ஒடியல் மா எல்லாம் போட்ட பெரிய பானை. ஒரு தூக்குச்சட்டி நிறைய ஊற்றி, சின்ன மகனிடம் கொடுத்து, ‘ஒண்டும் கதைக்க வேண்டாம், குடுத்திட்டு வா’ என்று அனுப்பினார். பின்னேரம் சட்டி கழுவித் திரும்பி வந்தது, உள்ளே நாலு முருங்கைக்காய். அன்றைக்கு ஒரு சொல்லும் பேசவில்லை. மழைக்கு முந்தி வேலி அடைக்கும்போதுதான் ‘கயிறு இருக்கோ’ என்று கேட்டார்களாம். வேலி இன்னும் அதே இடத்தில்தான், அது வேறு கதை.

இலங்கையில் உயிர்ப்பைப் பற்றி எழுதிவிட்டு 2019 ஏப்ரல் 21ஐத் தாண்டிப் போக முடியாது. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் உயிர்த்த ஞாயிறு வழிபாட்டுக்குப் போனவர்கள் பலர் தேவாலயக் குண்டுவெடிப்பில் இறந்து திரும்பவில்லை. அதற்குப் பிறகு இங்கே சிலர் முஸ்லிம் கடைகளுக்குப் போவதை நிறுத்தினார்கள். 1990இல் யாழ்ப்பாணத்தைவிட்டுத் துரத்தப்பட்டு, எவ்வளவோ காலம் கழித்து யாழ்ப்பாணத்து முஸ்லிம் பகுதியான சோனகதெருவுக்குத் திரும்பிய சனம் அது. குண்டு வைத்தவனுக்கும் இந்தக் கடைக்காரருக்கும் என்ன சம்பந்தம்? வழக்கமாகத் துணி எடுக்கிற கடையிலேயே தொடர்ந்து எடுப்பதும் விசுவாசம்தான். என் கணக்கில் அது இரண்டு செபமாலைக்குச் சமம், பாதர்மார் கோபிக்கலாம்.

செபத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸில் போகும்போது திருத்தூதர் பணிகள் ஒரு அதிகாரம் வாசியுங்கள். இந்த 50 நாளும் பூசையில் முதல் வாசகம் அதிலிருந்துதான் வரும், பூசைக்குப் போகாவிட்டாலும் கூடவே நடக்கலாம். ஆறாம் அதிகாரத்தில் எங்கள் ஆட்களையே பார்ப்பீர்கள். கிரேக்க மொழி பேசினவர்கள், எங்கள் கைம்பெண்களுக்குச் சாப்பாட்டுப் பங்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்று முறையிடுகிறார்கள். நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்ட சண்டை எருசலேமிலேயே தொடங்கிவிட்டது! திருத்தூதர்கள் ஆட்களைக் கூட்டி ஏழு பேரைத் தெரிவுசெய்யச் சொல்லி, பந்தி விசாரிக்கிற வேலையை அவர்களிடம் விட்டார்கள். உங்கள் பங்கிலும் படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஆள் தேவைப்படும். ஞாயிறு பூசை முடிய பாதரைப் பிடித்துக் கேளுங்கள், சைக்கிள் இருந்தால் போதும்.