வாசகர் கேள்வி: கவசம் என்பது எது?

கேள்வி: எங்கள் தெருப் பிள்ளையாருக்குச் சதுர்த்தியன்று வெள்ளிக்கவசம் சாத்துகிறார்கள். வண்டியில் போகும் மகனிடம் தலைக்கவசம் போடச் சொல்கிறோம். வயலுக்கு மருந்தடிப்பவர் முகக்கவசம் அணிய வேண்டும் என்கிறார்கள். இவை மூன்றுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும்?
- வாசகி, திருவையாறு

பதில்: கவசம் வடமொழிச் சொல்லாயினும் சங்கப் பாடல்களிலேயே இடம் பெற்றுவிட்டது. உடலை மறைப்பது என்ற பொருளில் ‘மெய்ம்மறை’ என்னும் தமிழ்ச் சொல்லும் உடன் வழங்கியது. பதிற்றுப்பத்து, வீரர்களைக் காத்து முன்நிற்கும் சேர மன்னனையே ‘சான்றோர் மெய்ம்மறை’ என்று போற்றுகிறது.

காவிரிக் கரைக்குரிய சான்று புறநானூற்றின் 13ஆம் பாடலில் இருக்கிறது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மதங்கொண்ட யானைமேல் கருவூருக்கு வந்துவிட்ட சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளியைச் சேர மன்னனுக்குக் காட்டி, அவன் தீங்கின்றித் திரும்பட்டும் என்கிறார். சோழன் அணிந்திருப்பது ‘புலிநிறக் கவசம்’, அதாவது புலித்தோலால் ஆனது. அது சிதையும்படி அம்புகள் கிழித்திருக்கின்றன. எனக்கு இந்த வரி மிகவும் பிடிக்கும். உடலுக்கு வரும் அடியை முதலில் தான் வாங்கிச் சிதைவது எதுவோ அதுவே கவசம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

உங்கள் மகனின் தலைக்கவசமும் அப்படித்தான் வேலை செய்கிறது. கெட்டியான மேலோடு அடியின் வேகத்தைப் பரப்ப, உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு நசுங்கி மீதியை ஏற்றுக்கொள்கிறது. நசுங்கிய அடுக்கு பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால், ஒருமுறை பலமாக அடிபட்டதை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் விழும்போது அது தலையைவிட்டுக் கழன்றுவிடும்.

பிள்ளையாரின் வெள்ளிக்கவசம் திருமேனியின் வடிவத்துக்கேற்பத் தகட்டில் செய்து அபிஷேகத்துக்குப் பின் சாத்தப்படுவது; அங்கே மறைத்தல் அலங்காரமாகிறது.

வயலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. குறுவையிலும் சம்பாவிலும் மருந்தடிப்பவர்கள் பலர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். துண்டு தூசியை ஓரளவு தடுக்கலாம். தெளிப்பு நீரில் நனைந்துவிட்டாலோ மருந்தை மூக்கோடும் வாயோடும் ஒட்டவைத்துவிடும். பூச்சிமருந்து தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் என்பதால் கையுறை, முழுக்கைச் சட்டை, மருந்துக்குரிய முகக்கவசம் ஆகிய மூன்றும் வேண்டும். அடித்து முடித்ததும் அந்த உடைகளை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியே துவைக்கச் சொல்லுங்கள்.