கேள்வி–பதில்: கல்லூரி பேஸ்பால் கோச் உங்கள் பையனிடம் எதைப் பார்க்கிறார்?

அமெரிக்காவில் பள்ளி பேஸ்பால் ஆடும் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து வந்த கடிதங்களில் சில இங்கே. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: சார், என் மகன் பதினோராம் வகுப்பு, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவன்). பள்ளி அணியில் பேட்டிங் சராசரி .430 (நூறு முறைக்கு 43 ஹிட்), அணியிலேயே அவன்தான் முதல். ஆனால் ஒரு கல்லூரிகூடக் கூப்பிடவில்லை. .290 அடிக்கிற அவனுடைய நண்பனுக்கு இரண்டு கோச்சுகள் போன் செய்கிறார்கள். இது என்ன நியாயம்? – கே.ஆர்., ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

ப: சார், அந்த .430 யார் போட்ட பந்தில் வந்தது? பள்ளி லீக்கில் பாதி நாள் எதிரே நிற்பவன் 74 மைல் வேகத்தில் போடுகிற பையன். கல்லூரிக்குப் போனால் 88, 90 என்று வரும், அதோடு நடுவில் ஸ்லைடர் என்று கடைசியில் விலகிப் போகும் பந்தும் வரும். அதனால் கோச் சராசரியைப் பார்ப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடைசியாகத்தான் பார்ப்பார். முதலில் பார்ப்பது பந்து மட்டையிலிருந்து எவ்வளவு வேகத்தில் கிளம்புகிறது என்பதை. அந்த எக்சிட் வெலாசிட்டி 90 மைலைத் தாண்டினால் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) கோச் நிமிர்ந்து உட்காருவார், 95 என்றால் பெயரைக் கேட்பார். அடுத்து 60 கஜம் ஓட்டம். நடுக்களத்தில் ஆடுகிறவன் 7 விநாடிக்குள் ஓடியே ஆக வேண்டும், 6.8 என்றால் நல்லது. ஷார்ட்ஸ்டாப் என்பதால் முதல் பேஸுக்கு எறியும் பந்தின் வேகத்தையும் ரேடார் கன்னில் அளப்பார்கள்.

இதெல்லாம் எண்கள், கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அப்புறம்தான் கண் வேலை. உங்கள் மகனின் நண்பனை நான் பார்த்ததில்லை, ஆனாலும் ஊகிக்கிறேன்: ஆறடி இரண்டங்குலம், ஒல்லி, தோள் அகலம், சட்டை தொளதொளவென்று தொங்கும். சரியா? கோச் இன்றைய ஆட்டக்காரனைத் தேடவில்லை, 21 வயதில் இவன் எப்படி இருப்பான் என்று பார்க்கிறார். இன்னும் பத்துக் கிலோ தசை ஏறக்கூடிய உடம்பா, இல்லை பதினாறு வயதிலேயே வளர்ந்து முடிந்த உடம்பா என்று கணக்குப் போடுகிறார். அதற்காக அப்பாவின் உயரத்தைக்கூட ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். நம் வீட்டுப் பையன்களில் பலர் சீக்கிரம் மீசை முளைத்து, எட்டாம் வகுப்பில் எல்லோரையும் அடித்து நொறுக்கிவிட்டு, பதினோராம் வகுப்பில் அப்படியே நிற்கிறார்கள். அது அவர்கள் தப்பில்லை, ஆனால் கோச்சுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. கல்லூரி அணிகளில் இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், சென்டர் ஃபீல்டு என்று நிற்பவர்களில் ஏகப்பட்ட பேர் பள்ளியில் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவர்கள்தான். அதனால் "ஷார்ட்ஸ்டாப் தவிர எதுவும் ஆட மாட்டேன்" என்கிற பையனை எடுப்பது கஷ்டம். மகனிடம் மற்ற இடங்களிலும் பழகச் சொல்லுங்கள்.

ஒரு காட்சி சொல்கிறேன். கோச்சுகளுக்குக் காட்டவென்றே நடத்தும் ஷோகேஸ் ஆட்டங்களில் வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் ஒருவர் தொப்பியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார், கையில் ஸ்டாப்வாட்ச். பையன் ஒரு சாதாரண கிரவுண்ட் பால் அடிப்பான், அவுட் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதர் மட்டும் மட்டையில் பந்து பட்டதும் ஒரு கிளிக், முதல் பேஸை மிதித்ததும் ஒரு கிளிக். மேஜர் லீக்கில் (தொழில்முறையின் உச்ச லீக்) வலதுகை பேட்ஸ்மேனுக்குச் சராசரி 4.3 விநாடி. நம் பையன் எப்படியும் அவுட்தானே என்று மெதுவாக ஓடி 4.9 எடுப்பான். அவர் நோட்டில் 4.9 என்று எழுதிவிட்டு அடுத்த பையனுக்குப் பக்கத்தைத் திருப்புவார். உங்கள் மகன் அந்த ஓட்டத்தை எப்படி ஓடுகிறான் என்று அடுத்த ஆட்டத்தில் கவனியுங்கள்.

கே: மகன் பிட்சர், பத்தாம் வகுப்பு, வலதுகை, 82 மைல் போடுகிறான். ஆறு மாதத்தில் 90 ஆக்கித் தருகிறோம் என்று ஒரு பயிற்சி மையம் பெரிய தொகை கேட்கிறது. கட்டலாமா? – வி.எஸ்., எடிசன், நியூஜெர்சி

ப: ஆறு மாதம், 90 என்று எழுதிக் கொடுப்பவர்களிடம் கட்டாதீர்கள். பத்தாம் வகுப்பில் 82 நல்ல வேகம்தான், உடம்பு வளர வளர ஏறும். டிவிஷன் 1 வலதுகை பிட்சருக்கு 88க்கு மேல் எதிர்பார்க்கிறார்கள் என்பது உண்மை. இடதுகை என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். ஆனால் வேகத்தைப் பார்த்து வருகிற கோச் உட்கார்ந்து பார்ப்பது வேறு: ஒவ்வொரு பந்துக்கும் உடம்பு ஒரே மாதிரி அசைகிறதா, இரண்டாவது வகைப் பந்து என்று ஒன்று இருக்கிறதா, சேஞ்ச்-அப் (வேகப்பந்து மாதிரி தெரிந்து மெதுவாக வரும் பந்து) போடும்போது கை மெதுவாகிக் காட்டிக்கொடுக்கிறதா, மூன்று பந்து பால் (அடிக்கும் எல்லைக்கு வெளியே) ஆனபிறகு நான்காவதை ஸ்ட்ரைக்காகப் போட முடிகிறதா.

கையைக் காப்பாற்றுங்கள். மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் பிட்ச் ஸ்மார்ட் என்று வழிகாட்டி வெளியிட்டார்கள். 15, 16 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பந்து. 76 அல்லது அதற்கு மேல் போட்டால் நான்கு நாள் ஓய்வு. பிரச்சினை என்னவென்றால், செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு 80 பந்து, வெள்ளிக்கிழமை டிராவல் அணிக்கு (பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் அணி) 70 பந்து போடுவான், இந்தக் கோச்சுக்கு அந்தக் கணக்கு தெரியாது, அந்தக் கோச்சுக்கு இந்தக் கணக்கு தெரியாது. வீட்டில் ஒரு நோட்டு போட்டு நீங்களே எழுதுங்கள். முழங்கை தசைநார் போனால் டாமி ஜான் அறுவை சிகிச்சை, திரும்பிவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், சரியாக ரெக்ரூட்டிங் (கல்லூரிகள் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிப்பது) நடக்கும் வருஷத்தில் அது வந்தால் என்ன செய்வீர்கள்?

பிட்சர் குமார் ராக்கரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அம்மா வழியில் இந்திய வம்சாவளி. 2018இல் பள்ளி முடித்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் போனார், 2019இல் டியூக் அணிக்கு எதிராக 19 ஸ்ட்ரைக்-அவுட்டுடன் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்டும் தராத ஆட்டம்). 2021 டிராஃப்டில் (மேஜர் லீக் அணிகள் வரிசையாக ஆட்களைத் தேர்ந்தெடுப்பது) மெட்ஸ் அணி பத்தாவதாக எடுத்தது, உடல் பரிசோதனை முடிவைப் பார்த்து ஒப்பந்தம் போடவில்லை. அடுத்த வருஷம் ரேஞ்சர்ஸ் அணி மூன்றாவதாக எடுத்தது. அவ்வளவு பெரிய பிட்சருக்கே முதல் கேள்வி கை எப்படி இருக்கிறது என்பதுதான்.

கே: கிரிக்கெட்டில் நல்ல வேகப்பந்து வீச்சாளன், 16 வயது. பேஸ்பாலுக்கு மாற்றினால் கல்லூரியில் இடம் கிடைக்குமா? – வாசகர், கேரி, வட கரோலினா

ப: கஷ்டம். 2008இல் டிவி போட்டி வைத்து இந்தியாவில் தேடி எடுத்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள், ஆனால் மேஜர் லீக் வரை போகவில்லை. அவர்கள்கூட ஈட்டி எறிந்தவர்கள். கிரிக்கெட்டில் ஓடிவந்து கையை மடக்காமல் போடுவதும், மேட்டில் நின்றபடி மடக்கி எறிவதும் உடம்புக்கு வேறு வேறு வேலை. எல்லைக்கோட்டிலிருந்து கீப்பர் கைக்கு ராக்கெட் மாதிரி எறிவான் என்றால் மட்டும் ஒருமுறை ரேடாரில் பார்த்துவிடுங்கள்.

கே: அவுட் ஆனால் ஹெல்மெட்டை எறிகிறான். கோச் இதையெல்லாம் கவனிப்பாரா?

ப: கவனிப்பார். நீங்கள் பார்வையாளர் பெஞ்சிலிருந்து அம்பயரைத் திட்டுவதையும் கவனிப்பார்.

கே: ஒன்பதாம் வகுப்பு மகனுக்குப் பெரிய பெரிய யூனிவர்சிட்டிகளிலிருந்து கேம்ப் அழைப்பு வருகிறது. அப்படியென்றால் அவனைப் பார்த்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? – எம்., சான் ஹோசே

ப: இல்லை மேடம். பதினோராம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை டிவிஷன் 1 கோச் பையனோடு ரெக்ரூட்டிங் பேச்சு பேசக் கூடாது என்பது 2023இல் வந்த விதி. கேம்ப் விளம்பரம் மட்டும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம், ஆயிரக்கணக்கில் அனுப்புகிறார்கள், அதில் அவர்களுக்கு வருமானமும் இருக்கிறது. உண்மையான ஆர்வம் வேறு மாதிரி வரும்: ஆகஸ்ட் 1க்குப் பிறகு நேரடியாகப் போன், "எந்த வாரம் எங்கே ஆடுகிறாய்" என்ற கேள்வி, மதிப்பெண் பட்டியலைக் கேட்பது. அதுவரை இரண்டு மூன்று நிமிட வீடியோ ஒன்று தயார் செய்யுங்கள். பாட்டு வேண்டாம், ஸ்லோமோஷன் வேண்டாம். பக்கவாட்டிலிருந்து ஸ்விங், பின்னாலிருந்து ஸ்விங், தரையில் உருளும் பந்தை எடுத்து எறிவது, போதும். கேட்சர் என்றால் பந்தை வாங்கி இரண்டாம் பேஸுக்கு எறிந்து சேர்க்கும் நேரம், அதாவது பாப் டைம், கட்டாயம் இருக்கட்டும், 2.0 விநாடி என்றால் வீடியோவின் முதல் பத்து விநாடியிலேயே போட்டுவிடுங்கள்.

கே: டிவிஷன் 1 இல்லையென்றால் பேஸ்பாலே வேண்டாம் என்கிறான். முழு ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்று அவன் அப்பாவும் நம்புகிறார். நான்தான் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். – எஸ்., சிகாகோ புறநகர்

ப: அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பள்ளி அணியில் ஆடுபவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்தான் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) அணி எதிலாவது சேர்கிறார்கள், டிவிஷன் 1 என்றால் இரண்டு மூன்று பேர். பல வருஷம் ஒரு டிவிஷன் 1 அணிக்கே மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப்தான், அதை இருபத்தைந்து பேருக்கு மேல் பிய்த்துக் கொடுத்தார்கள். 2025இல், கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கு சமரசத்துக்குப் பிறகு அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், அணியில் மொத்தம் 34 பேர் என்ற ரோஸ்டர் வரம்பு வந்தது. 34 பேருக்கும் முழுப் பணம் கொடுக்கிற அளவுக்கு எத்தனை கல்லூரியிடம் காசு இருக்கிறது என்று நீங்களே யோசியுங்கள். கூடவே, கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். வேறு கல்லூரியில் மூன்று வருஷம் ஆடிய 21 வயதுக்காரன் கிடைக்கும்போது, 18 வயதுப் பையனுக்காகக் காத்திருக்கக் கோச்சுக்குப் பொறுமை இல்லை.

டிவிஷன் 3இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் படிப்புக்கான உதவி கணிசமாகக் கிடைக்கலாம், முதல் வருஷமே மைதானத்தில் நிற்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டு வருஷ ஜூனியர் காலேஜை நம்மவர்கள் கௌரவக் குறைச்சலாகப் பார்க்கிறார்கள், எனக்கு அது புரிந்ததே இல்லை. மேஜர் லீக் நட்சத்திரம் ஆல்பர்ட் புஹோல்ஸ் அப்படியொரு கல்லூரியிலிருந்துதான் 1999 டிராஃப்டில் பதின்மூன்றாவது சுற்றில் எடுக்கப்பட்டார். எந்த வழி போனாலும் மதிப்பெண் வேண்டும். டிவிஷன் 1க்கே 16 முக்கியப் பாடங்கள், குறைந்தது 2.3 ஜிபிஏ (மதிப்பெண் சராசரி). நல்ல படிப்புக் கல்லூரிகளில் கோச் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

மகனை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். அவனுக்குப் பிடித்த பத்துக் கல்லூரிகளின் அணிப் பட்டியலைத் திறந்து, தன் இடத்தில் எத்தனை பேர், எந்த வருஷத்தில் படிக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள் என்று எண்ணட்டும். முதல் இரண்டு வருஷ மாணவர்கள் நான்கு பேர் ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்தால் அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மிச்சம் இருக்கும் கல்லூரிகளின் கோச்சுகளுக்கு அவனே மின்னஞ்சல் எழுதட்டும், நீங்களோ அவன் அப்பாவோ எழுத வேண்டாம்.