குழி வெட்ட யார் வருவார்கள்?

அன்புள்ள அக்கா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நான் படிப்பிக்கிறேன், கணவருக்கு ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. நாங்கள் அங்கிலிக்கன் சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர்கள். கமிட்டிக் கணக்கில் வந்த பிரச்சினையால் மனம் நொந்து 5 மாதமாக அங்கே போவதில்லை. யாரிடமும் சொல்லவில்லை, நின்றுவிட்டோம். கத்தோலிக்கக் கோயிலில் 3 பூசைக்குப் போனோம், ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டவுனில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கு 4 வாரம் போனோம். மகனுக்கு டிரம்ஸ் பிடித்துவிட்டது. ஆனால் இரண்டாம் வாரமே தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று), முழுக்கு ஞானஸ்நானம் என்று தொடங்கிவிட்டார்கள். மெதடிஸ்த ஆலயத்தில் 14 பேர்தான், எல்லாரும் வயதானவர்கள். மாமனார், "கோயில் கோயிலாகத் தாவுறீங்க" என்று ஏசுகிறார். எங்களுக்கு எந்தச் சபை சரி? எத்தனை வாரம் போய்ப் பார்க்க வேண்டும்?

ச., தலவாக்கலை

அன்புள்ள தங்கச்சி,

பாட்டு, பணம், பேச்சு, வயது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் எந்தச் சபையிலிருந்து ஆள் வரும் என்பது உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

முதலில் ஏச வேண்டியதை ஏசிவிடுகிறேன். சொல்லாமல் நின்றது பிழை. 5 மாதம் உங்கள் பெயர் பழைய சபையின் பதிவேட்டில் இருக்கிறது, நீங்கள் ஆலயத்து வாங்கில் (பெஞ்சில்) இல்லை. குருவானவர் உங்களைத் தேடி வரவில்லை என்றால் அது அவருடைய குறை. நீங்கள் போய்ச் சொல்லவில்லை என்றால் அது உங்களுடையது. கணக்குப் பிரச்சினை என்றால் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்காய்வு செய்த அறிக்கையைக் கேட்கலாம். கூட்டத்தில் வாய் திறக்கப் பயமென்றால் அதை எழுத்தில் கேட்கலாம். பதில் வராவிட்டால் மேலே ஆர்ச்டீக்கனுக்கு (பல சபைகளை மேற்பார்க்கும் குருவானவருக்கு) எழுதலாம். இதில் எதையும் செய்யாமல் மனம் நொந்து விலகியிருக்கிறீர்கள். அதே மனத்தாங்கலோடு நாளைக்கு ஐந்தாவது சபைக்கும் போவீர்கள், அங்கேயும் ஒரு கமிட்டி இருக்கும்.

போகத்தான் வேண்டும் என்று முடிவானால், குருவானவரை நேரில் கண்டு சொல்லுங்கள். மாற்றல் கடிதம் கேளுங்கள். உங்கள் நால்வருடைய ஞானஸ்நானப் பதிவின் பிரதி, உங்கள் இருவரின் திடப்படுத்தல் பதிவு, கல்யாணப் பதிவு எல்லாவற்றையும் கையோடு வாங்குங்கள். மலையகத்தில் இவை வெறும் கடதாசி இல்லை. பிறப்பைப் பதியாமல் விட்ட எத்தனையோ பேருக்கு, பிந்திய பதிவு செய்யும்போது ஞானஸ்நானப் பதிவுதான் வயதுக்குத் துணைச் சான்றாக நின்றது. நுவரெலியா மாவட்ட அங்கிலிக்கன் சபைகள் கொழும்பு மறைமாவட்டத்தில் இருக்கின்றன, கண்டிப் பக்கம் குருநாகல் மறைமாவட்டம். நாளைக்கு நீங்கள் கண்டிக்கு மாறிப்போனால் ஆயரே வேறு. பிறகு பிரதி தேடி அலைவதைவிட இன்றைக்கு வாங்கி வைப்பது லேசு.

மாமனார் ஏசுவதை விடுங்கள். டிரம்ஸையும் விடுங்கள். 9 வயதுப் பிள்ளைக்குத் தேரிலும் மேளம் பிடிக்கும். மெதடிஸ்த ஆலயத்தின் 14 பேரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: அங்கே ஒரு ஞாயிறு நீங்கள் வராவிட்டால் 14 பேருக்கும் தெரியும்.

கத்தோலிக்கக் கோயிலில் ஒருவரும் பேசவில்லை என்கிறீர்கள். பூசை முடிந்ததும் சனம் பஸ் பிடிக்கத்தான் ஓடும். அங்கே ஆளை அறிவது பூசையில் இல்லை, அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில். அது வாரநாளில் ஒரு வீட்டில் நடக்கும். உபதேசியாரிடம் உங்கள் டிவிஷனைச் சொல்லி, எந்த அன்பியம், எந்த நாள் என்று கேளுங்கள்.

நற்கருணை விஷயத்தில் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் சங்கடமில்லை. கத்தோலிக்கப் பூசையில் கத்தோலிக்கரல்லாதவர் நற்கருணை வாங்குவதில்லை. வாங்கிலேயே இருங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். மெதடிஸ்த ஆலயத்தில் உங்களைப் போல வேறு சபையில் நற்கருணை எடுப்பவர்களையும் அழைப்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. போகும் முன்பே பாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிற சபைகளும் இருக்கின்றன.

ஞானஸ்நானம் இதைவிடப் பெரிய விஷயம். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுத்த உங்கள் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபையும் மெதடிஸ்த திருச்சபையும் ஏற்கும், மறுபடி கொடுக்காது. கத்தோலிக்கத்துக்குப் போனால் மறைக்கல்வி படித்து, விசுவாச அறிக்கை செய்து, உறுதிப்பூசுதல் பெறுவீர்கள். பெந்தெகொஸ்தே சபையோ குழந்தை ஞானஸ்நானத்தை எண்ணுவதில்லை. அறிந்து விசுவசித்த ஒருவர் முழுக்கு எடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய உபதேசத்தின் நடுநரம்பு. அதை மறைக்காமல் இரண்டாம் வாரமே சொன்னதற்காக அந்தப் பாஸ்டரோடு கோபிக்காதீர்கள். ஆனால் சொல்லுவது ஒன்று, திகதி குறிப்பது இன்னொன்று. படிப்பில்லாமல், வீட்டுக்கு வந்து பேசாமல், வருகிற சனிக்கிழமை ஆற்றுக்கு வாருங்கள் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைகளையும் யோசியுங்கள். மகன் பரமண்டல ஜெபத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் பாடமாக்கியிருப்பான்: "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே." கத்தோலிக்கக் கோயிலில் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே." சபையோடு சேர்ந்து சொல்லும்போது முதல் சொல்லிலேயே அவன் வாய் நின்றுவிடும், பக்கத்திலிருப்பவர் திரும்பிப் பார்ப்பார். வாரத்துக்கு ஒரு சபை மாற்றினால் அவனுக்கு ஒரு ஜெபமும் முழுதாக வராது. அதனால் முதலில் பெரியவர்கள் நீங்கள் இருவரும் போய்ப் பாருங்கள், பிள்ளைகளை மாமனாரோடு விட்டுவிட்டு. ஞாயிறு பாடசாலைக்கு அனுப்பும் முன்பு, அந்த அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களா, கதவு திறந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

பணம். சம்பளம் 10ஆம் திகதி. அதற்கு அடுத்த ஞாயிறு கட்டாயம் போங்கள், பிரசங்கம் எதைப் பற்றி என்று கவனியுங்கள். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வந்தது. அந்தக் கணக்கில் மாதத்தில் 25 பேர் (வேலை செய்த நாளின் பதிவு) விழுந்தால் 33,750. தசமபாகம் 3,375. சேமலாப நிதிக்கே 8 வீதம், 2,700 ரூபா, கைக்கு வருமுன் போய்விடும். பிறகு தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணக் கழிவு. மழையில் பாதி நாள் அரைப்பேர் என்றால் இந்தக் கணக்கும் இல்லை. கொடுக்கக்கூடாது என்று சொல்லவரவில்லை. மனமுவந்து கொடுப்பவர்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நிறையப் பேர், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பெயர் எழுதிய கவரில் தசமபாகம் வாங்குகிற சபை ரசீது தருகிறதா, வருடத்துக்கு ஒருமுறை கணக்கைச் சபைக்கு முன் வாசிக்கிறதா? இரண்டும் இல்லாவிட்டால் காணிக்கைப் பையில் போடுவதோடு நிற்பாட்டுங்கள். மருந்தை நிறுத்து, விசுவாசத்தால் சுகமாகும் என்று சொன்னால் அன்றைக்கே எழுந்து வாருங்கள். பிரஷர் குளிசையும் இன்சுலினும் ஜெபத்துக்கு எதிரி இல்லை.

கட்டிடம் இல்லாத சபை என்பதற்காக யாரையும் குறைவாக நினைக்காதீர்கள். 2008இல் புதிய வழிபாட்டுத் தலங்களுக்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று சுற்றுநிருபம் வந்த பிறகு, எத்தனையோ சபைகள் வீட்டு மண்டபத்தை விட்டு நகர முடியவில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். விவாகம் நடத்தப் பதிவு செய்யப்பட்ட வழிபாட்டுத் தலம் வேண்டும். அந்தப் பதிவு இல்லாத மண்டபத்தில் ஆசீர்வாத ஜெபம் நடக்கலாம், சட்டப்படியான கல்யாணம் பதிவாளர் முன்னால்தான்.

இனி எனக்கு முக்கியமானதற்கு வருகிறேன்.

மலைநாட்டில் சுவிசேஷம் வந்த வழியை யோசியுங்கள். 1854இல் தோட்டத் தமிழருக்கென்று மிஷன் தொடங்கியபோது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். சனத்தை வரச்சொல்லி ஓரிடத்தில் உட்காரவில்லை. வேலை விட்டு ஆட்கள் திரும்பும் நேரம் பார்த்து லயத்து வாசலில் போய் நின்றார்கள். ஆகவே, சபையின் கால் உங்கள் லயத்துக் காம்பரா (வீட்டு அறை) வரைக்கும் வருமா என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஜூன் மாதம், தலவாக்கலைப் பக்கம் மழை விடாது. முதல் நாளே குழி வெட்டினால் காலையில் கான் (வடிகால்) போலத் தண்ணி நிற்கும். அதனால் அடக்கத்தன்று விடியவே வெட்ட வேண்டும். மேலே தறப்பாள் கட்டி, நாலு பேர், இரண்டு மண்வெட்டி, ஒரு அலவாங்கு (கடப்பாரை). மூன்றடியில் கல் தட்டினால் அலவாங்குதான். அந்த நாலு பேருக்கும் அன்றைய பேர் போச்சு. பெட்டியைச் சுமக்க ஆறு பேர், ஏனென்றால் வாகனம் ரோட்டோடு நிற்கும், அதற்கு மேல் சறுக்குப் படி. இறக்க இரண்டு கயிறு. வருகிறவர்களுக்குப் பிளேன்டீ போட அடுத்த காம்பராவில் அடுப்பு எரியும். இதையெல்லாம் செய்வது யார்? உங்கள் லயத்தார். அவர்களில் பெரும்பாலானோர் முருகனையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்கள்.

அதனால் எந்தச் சபைக்குப் போனாலும் பாஸ்டரிடமோ பாதரிடமோ இதை நேருக்கு நேர் கேளுங்கள்: என் மாமனார் செத்தால், அவருடைய அண்ணன் வாய்க்கரிசியோடு வந்து நின்றால், நீங்கள் என்ன செய்வீர்கள்? "விசுவாசிகள் வீட்டில் அதெல்லாம் நடக்காது" என்று பட்டென்று சொல்பவர் அன்றைக்கு மைக்கைப் பிடித்து அந்தக் கிழவரை அவமானப்படுத்துவார். அடுத்த சாவுக்கு உங்கள் லயத்தில் ஒருவரும் அலவாங்கு எடுக்கமாட்டார்கள். நல்ல போதகர் முதல் நாள் இரவே வருவார். உறவுமுறைப் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்கள் முறை இத்தனை மணிக்கு, எங்கள் ஜெபம் இத்தனை மணிக்கு, பெட்டி மூடுவது இத்தனை மணிக்கு என்று பேசி முடிப்பார். தன் உபதேசத்தை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, வீட்டாரை மதித்தால் போதும். கத்தோலிக்கத்திலும் உங்கள் பழைய சபையிலும் 31ஆம் நாள் நினைவு ஆராதனை வைக்க இடமுண்டு. பெந்தெகொஸ்தேயில் செத்தவருக்காக ஜெபிப்பதில்லை. அது அவர்கள் விசுவாசம், வாதாட வேண்டாம். ஆனால் அந்த 31ஆம் நாள் உறவுக்காரர் உங்கள் வீட்டில் கூடும்போது பாஸ்டர் வந்து உட்கார்ந்து சாப்பிடுவாரா? கேளுங்கள்.

மாமாவின் கருமாதிக்குப் போகாதே, தேர்ச் சாப்பாடு தொடாதே, பொங்கலுக்குக் கோலம் போடாதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி ஒரு குடும்பத்தை லயத்திலிருந்து பிரித்தெடுக்கிற சபையை நான் சபை என்று சொல்லமாட்டேன். உங்கள் சாவுக்கு வரக்கூடியவர்களை அது ஒவ்வொருவராக வாசலிலிருந்து அனுப்பிவிடுகிறது. இதே பிழை எல்லாச் சபையிலும் நடக்கலாம். டவுன் ஆட்களுக்கு முதல் நாலு வாங்கையும் விட்டு, தோட்டத்து ஆட்களைப் பின்னால் இருத்தி, தமிழ் ஆராதனைக்கு மிஞ்சிய நேரத்தைக் கொடுக்கிற பழைய கல் கட்டிடங்களுக்கும் இது பொருந்தும். கமிட்டியில் கொழுந்து எடுக்கிற ஒருத்தியாவது இருக்கிறாளா என்று பெயர்ப் பலகையைப் பாருங்கள்.

எத்தனை வாரம் என்றா கேட்டீர்கள்? ஒரு சபைக்கு எட்டு ஞாயிறு. அதற்குள் ஒரு சம்பள ஞாயிறு, ஒரு நற்கருணை ஞாயிறு, ஒரு வாரநாள் ஜெபக்கூட்டம், முடிந்தால் ஒரு சாவு வீடு. கால் மணித்தியாலம் முன்னால் போய்க் கடைசிக்கு முந்திய வாங்கில் இருங்கள். முடிந்ததும் ஓடாமல் பத்து நிமிடம் வாசலில் நில்லுங்கள். நடக்க முடியாத ஒரு கிழவியைக் கண்டால், "போன முறை ஆஸ்பத்திரியில் இருந்தப்போ யாரு வந்தாங்க ஆச்சி?" என்று மெல்லக் கேளுங்கள். ஆச்சி பெயர் சொல்லிச் சொல்வாள், அல்லது பேச்சை மாற்றுவாள்.

அதற்கு முன்னால், இந்த வாரமே, பழைய குருவானவருக்குப் போன் எடுங்கள். வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், தேத்தண்ணி கொடுங்கள், கணக்கைப் பற்றி முகத்துக்கு நேரே கேளுங்கள். அவர் மழையில் அந்தச் சறுக்குப் படி ஏறி வருவாரென்றால், மற்ற மூன்று சபைக்கும் போகுமுன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா