கீட்டமைன் சிகிச்சை: ட்ரிப்ஸ் ஏறும் 40 நிமிடமும் அடுத்த சில நாள்களும்

என் மனைவிக்கு நீண்ட நாளாக டிப்ரஷன். இரண்டு மாத்திரை மாற்றியும் குணமில்லை. கீட்டமைன் போட்டுப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அது ஆபரேஷன் மயக்க மருந்துதானே?

அதேதான். அளவும் வேகமும்தான் வேறு. ஆபரேஷனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை ஒரே தடவையில் நரம்பில் போடுவார்கள். டிப்ரஷனுக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், அதுவும் 40 நிமிடத்தில் மெல்ல ஏற வேண்டும். 2000-இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் வைத்த கணக்கு அது. இன்றும் பெரும்பாலோர் அதையே பின்பற்றுகிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 மில்லிகிராம். மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் உள்ள குப்பியானால் எடுக்க வேண்டியது வெறும் 0.6 மில்லி. 10 மில்லிகிராம் குப்பியும் உண்டு. லேபிளைப் பார்க்காமல் மாற்றி எடுத்தால் ஐந்து மடங்கு தவறிவிடும். அதனால்தான் நல்ல இடங்களில் இருவர் சரிபார்ப்பார்கள்.

அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: அந்த இரண்டு மாத்திரைகளையும் முழு டோஸில், குறைந்தது ஆறு வாரமாவது சாப்பிட்டாரா? தைராய்டு பார்த்தாயிற்றா? இடையில் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்த நாள்கள் உண்டா? உண்டென்றால் அது பைபோலாராக (மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் மாறும் நோய்) இருக்கலாம், வைத்தியமே வேறு.

ட்ரிப்ஸ் ஏறும்போது என்ன நடக்கும்? பயமாக இருக்கிறது.

அன்று காலை பி.பி. 140/90-க்கு மேல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வார்கள். கீட்டமைன் பி.பி.யை ஏற்றும் மருந்து. திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். குமட்டல் வழக்கமாக வருபவருக்கு ஆன்டன்செட்ரான் கொடுப்பார்கள். கண்ணுக்குத் துணி, காதுக்குப் பாட்டு. வரிகள் இல்லாத வாத்திய இசையாக இருந்தால் நல்லது. சினிமாப் பாட்டு போட்டால் மனம் வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

சில நிமிடங்களில் உதடு மரத்த மாதிரி இருக்கும், சத்தங்கள் தள்ளிப்போகும், உடம்பு தன்னுடையது இல்லை என்பதுபோல் ஒரு மிதப்பு வரும். கடைசிப் பத்து நிமிடத்தில் இது உச்சத்தில் இருக்கும். ட்ரிப்ஸ் நின்ற ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். என்றாலும் இரண்டு மணி நேரம் படுக்கையிலேயே வைத்திருப்பதுதான் முறை. துணைக்கு ஒருவர் அவசியம். மறுநாள் காலை நன்றாகத் தூங்கி எழும்வரை வண்டி ஓட்டக்கூடாது, பத்திரம், பணப் பரிமாற்றம் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது.

பெரும்பாலும் எங்கே கெடுகிறது தெரியுமா? பம்ப் இல்லாமல், குழாயில் உள்ள சக்கரத்தைத் திருகி மருந்தை ஓடவிடும் இடங்களில். கை கொஞ்சம் அசைந்தாலும் 40 நிமிட மருந்து 15 நிமிடத்தில் ஏறிவிடும். அப்போது மிதப்பு திகிலாக மாறும், பி.பி.யும் எகிறும். இன்ஃப்யூஷன் பம்ப் இருக்கிறதா, பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார் என்று முன்கூட்டியே கேட்பதில் தவறே இல்லை.

இன்னொருவர் கேட்கிறார்: சிறுவயதில் எனக்கு நடந்த கொடுமையால் இன்றும் தூக்கம் இல்லை. மருந்து ஏறும்போது அதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்குமா?

வேண்டாம். ட்ரிப்ஸ் ஏறும்போது கிளறுவது சிகிச்சையாளரின் வேலையே இல்லை. தானாக வந்தால் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். முன்னதாக ஒன்றிரண்டு சந்திப்புகளில் உங்கள் கதையின் எல்லைகளைப் பேசி வைத்திருப்பார்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, பதறினால் கையைப் பிடிக்கலாமா கூடாதா என்பதுவரை. அந்தச் சம்மதத்தை மருந்துக்கு முன்பே வாங்க வேண்டும். மயக்கத்தில் சொல்லும் ‘சரி’ செல்லாது.

உண்மையான வேலை அடுத்த ஒன்று முதல் மூன்று நாள்களில். மருந்து, மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற ரசாயனத்தின் வழியாக நரம்பு இணைப்புகளைத் தற்காலிகமாக நெகிழ வைக்கிறது என்பது இன்றைய விளக்கம். அந்த நாள்களில் மனக்காயத்துக்கான முறையான உளச்சிகிச்சை, அதாவது நினைவைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சியோ, கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். முறையோ, நடக்க வேண்டும். ட்ரிப்ஸ் மட்டும் போட்டு ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்று அனுப்பினால் அதை உளச்சிகிச்சை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆதாரம் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் வெளியான நியூயார்க் ஆய்வில், பி.டி.எஸ்.டி. (கொடுமையான அனுபவத்துக்குப் பின் தங்கிவிடும் மனப் பாதிப்பு) உள்ள 30 நோயாளிகளுக்கு இரண்டு வாரத்தில் ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். கீட்டமைன் பெற்றவர்களில் 67 சதவீதம் பேருக்குப் பலன். ஒப்பீட்டு மருந்தான மிடசோலம் பெற்றவர்களில் 20 சதவீதம். பலன் தங்கியது சுமார் நான்கு வாரம். மறுவருடம் அமெரிக்க ராணுவத்தினரிடம் நடந்த பெரிய ஆய்வில் பி.டி.எஸ்.டி. அறிகுறிகளில் கீட்டமைனுக்கும் போலி மருந்துக்கும் தெளிவான வித்தியாசமே இல்லை. உளச்சிகிச்சையைச் சேர்ப்பதால் கூடுதல் பலன் உண்டா என்பதற்கு இன்னும் சிறிய ஆய்வுகள்தான் இருக்கின்றன. டிப்ரஷனுக்கு உள்ள ஆதாரம் இதைவிடக் கனமானது.

ஏற்கெனவே அடிக்கடி மரத்துப்போவது, ‘நான் இங்கேயே இல்லை’ என்ற உணர்வு வருவது உண்டா? கட்டாயம் சொல்லிவிடுங்கள். மருந்தின் மிதப்பு அதையே நினைவூட்டிப் பதற வைக்கலாம்.

இரவில் தூக்கத்துக்குக் குளோனசெபம் மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்த வேண்டுமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது, வலிப்பு வரும் அபாயம் உண்டு. ஆனால் இந்த வகை மாத்திரைகள் கீட்டமைனின் பலனை மழுங்கச் செய்வது உண்மை. டாக்டரிடம் சொன்னால் மெல்லக் குறைப்பார். வழக்கமான டிப்ரஷன் மாத்திரைகளைப் பெரும்பாலும் அப்படியே தொடரலாம்.

மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே இருக்கிறதாமே, வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாமா?

அது எஸ்கீட்டமைன், கீட்டமைனின் ஒரு வகை. அமெரிக்காவில் 2019 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. அதையும் அங்கே வீட்டுக்குத் தரமாட்டார்கள். மருத்துவமனையில் அடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். இந்தியாவில் கீட்டமைன் ‘ஷெட்யூல் எக்ஸ்’ மருந்து. சீட்டின் ஒரு நகலைக் கடைக்காரர் எடுத்து வைத்தாக வேண்டும். சீட்டில்லாமல் கைக்கு வருகிறதென்றால் அந்த வழியே தவறு. அடிக்கடி, அதிக அளவில் எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்கிவிடலாம். அடிக்கடி எரிச்சலோடு சிறுநீர் போகிற நிலை வரும்.

எத்தனை தடவை? கரண்ட் வைத்தியத்துக்கு (ஈ.சி.டி.) இது மாற்றா?

வாரம் இரண்டு வீதம் ஆறு தடவை என்பது பரவலான முறை. நான்காவது தடவைக்குப் பிறகும் ஒரு துளி மாற்றமில்லை என்றால் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம். 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் கீட்டமைனுக்கு 55 சதவீதமும் ஈ.சி.டி.க்கு 41 சதவீதமும் பலன் கிடைத்தது. ஆனால் காதில் குரல் கேட்பவர்கள், பிரமை உள்ளவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கும், சாப்பாடு தண்ணீர் விட்டுவிட்டவர்களுக்கும் ஈ.சி.டி.தான் முதலில் யோசிக்க வேண்டியது. தற்கொலை எண்ணம் ஒரே நாளில் குறையலாம், சில நாளில் திரும்பியும் வரலாம். அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒருவர் உடனிருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள்.