ஆங்கில 'கேஷ்' நம் 'காசு'விலிருந்து வந்ததா?

கேள்விக்குப் பதில்: பாதி ஆமாம், பாதி இல்லை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு 'கேஷ்' இருக்கின்றன. பெரிய ஆங்கில அகராதிகள் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு தருகின்றன. ஒன்று ஐரோப்பாவில் பிறந்தது. இன்னொன்று நம்முடையது.

கடையில் "கார்டா, கேஷா?" என்று கேட்கிறார்களே, அது நம்முடையது அல்ல. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கெஸ்' என்று உருமாறி, 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அப்போது அதற்குப் பணப்பெட்டி என்றும் பொருள் இருந்தது. பிறகு பெட்டி மறைந்து, உள்ளே இருந்த பணம் மட்டும் பொருளாக நின்றுவிட்டது. கடையில் பணம் போடும் பெட்டியைக் கல்லா என்கிறோம், "நல்லா கல்லா கட்டிட்டாங்க" என்றால் நல்ல வரும்படி என்கிறோம் அல்லவா, அதே நகர்வுதான். மாத்திரைக் கடையின் கேப்ஸ்யூல், சூட்கேஸில் வரும் கேஸ், வங்கியின் கேஷியர் எல்லாம் இந்தப் பெட்டிக் குடும்பம்தான்.

இப்போது நம் கேஷுக்கு வருவோம். பழைய நாணயங்கள் மேல் எனக்குத் தீராத ஆசை உண்டு. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

16-ஆம் நூற்றாண்டில் நம் கரைகளில் வணிகம் செய்த போர்ச்சுகீசியர்கள், இங்கே புழங்கிய சிறு நாணயமான காசைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'கைஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் 'கைஷா' என்றுதான் பெயர், அதே லத்தீன் காப்ஸாவின் வழியில் வந்தது. ஆக, இரண்டு சொற்களும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது ஆங்கிலத்துக்கு வரும் முன்பே நடந்துவிட்டது. ஆங்கிலேயர்கள் நாணயத்தின் பெயரை அவர்கள் வழியாக எடுத்துக்கொண்டு, அதையும் 'கேஷ்' என்றே எழுதினார்கள்.

அதோடு நிற்கவில்லை. நடுவில் சதுர ஓட்டையோடு, கயிற்றில் கோத்து வைக்கும் சீனச் செப்பு நாணயங்களைப் பார்த்திருப்பீர்கள். சீனர்கள் அதை 'வென்' என்று எண்ணினார்கள். ஐரோப்பியர்களோ அதற்கும் நம் காசின் பெயரையே வைத்தார்கள். இன்றும் உலகெங்கும் நாணயம் சேர்ப்பவர்கள் அதைச் 'சீனக் கேஷ்' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு தமிழ்ச் சொல் சீன நாணயத்தின் பெயராக ஆங்கிலத்தில் வாழ்வது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு இப்படி இருந்தது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆங்கிலத்தில் கேஷ், ஃபனம், பகோடா. ஃபனமும் நம் பணம்தான். 1803-இலும் 1808-இலும் இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே சோஹோ நாணயச் சாலையில் சென்னைக்காக 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை அடித்தார்கள். 20 காசின் ஒரு பக்கத்தில் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் 'இருபது காஸ் நான்கு ஃபலூஸ்' என்று பொருள்படும் வரி (ஃபலூஸ் என்பதும் செப்பு நாணயத்தின் பெயர்தான்), அதன் கீழே ரோமன் எண்ணோடு 'கேஷ்'. ஒரே உலோகத் துண்டில் நம் சொல் இரண்டு வேற்று மொழிகளின் எழுத்தில் இருக்கிறது! 1808-இல் அடித்தவற்றில் ஏராளமானவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. பிற்காலத்தில் அவற்றைக் கடலிலிருந்து எடுத்ததால்தான் இன்று சுலபமாகக் கிடைக்கின்றன.

காசே சமஸ்கிருதத்தின் 'கர்ஷ' என்ற எடையளவிலிருந்து வந்தது என்று சொல்லும் அகராதிகளும் உண்டு. அப்படியே இருந்தாலும் ஐரோப்பியர்கள் கற்றுக்கொண்ட உருவம் 'காசு'தான். தமிழில் அதன் பழமையும் லேசானதல்ல. குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில், கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருப்பது, புது நூலில் கோப்பவர் கூரிய நகத்தில் பிடித்திருக்கும் பொற்காசு போல இருக்கிறதாம். அங்கே காசு என்பது நகையில் கோக்கும் பொன்மணி. சோழர் கல்வெட்டுகளில் அது நாணயம், 'ஈழக்காசு' என்றுகூட வருகிறது.

"கேஷ் என்பதே தமிழ்" என்று மொத்தமாகப் பகிர்வதில் எனக்கு உடன்பாடில்லை. கையில் நிற்கும் ஆதாரம் இவ்வளவு இருக்கும்போது, பிரெஞ்சுக்காரரின் பெட்டியையும் ஏன் நம் கணக்கில் எழுத வேண்டும்?

அப்புறம், போனில் 'கேஷ் கிளியர்' செய்யச் சொல்வார்களே, அது மூன்றாவது சொல். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலே வேறு. 'ஒளித்து வை' என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்து, வட அமெரிக்க வேட்டைக்காரர்கள் உணவையும் பொருள்களையும் பதுக்கி வைத்த இடத்தைக் குறித்த சொல். 1968-இல் ஐபிஎம் தன் கணினியின் வேக நினைவகத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. காசுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.